பேக் அப் சொன்ன பிறகு

விருதுக் குழுவின் செயலாளர் ஃபோனில் மலையாளம் கலந்த தமிழில் மிகவும் மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதைதான் கிருத்திகாவுக்குப் பயத்தைக் கொடுத்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நடுவருங்களுக்கு ஒரு சம்சயம். அவ்வளவே உள்ளு."

"என்ன சந்தேகம் சார்?"

"உங்க படத்துல அந்த டீ குடிக்கிற சீன். அதோட தொடக்கத்துல ஒரு ஆம்பளைக் குரல் மெதுவா கேக்குது. 'யாரும் அசையாதீங்க'ன்னு. தியேட்டர் ஸ்பீக்கர்ல போட்டப்போ நல்லாவே கேட்டுது. அசையாதேன்னு சொல்லி எடுத்தா, அது நடிக்க வெச்ச மாதிரி அல்லே?"

செயலாளர் அதே மரியாதையுடன் தொடர்ந்தார். விழா நாளன்று காலையில் அந்தக் காட்சியின் வெட்டாத ஒரிஜினலை, படமும் ஒலியுமாக, நடுவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் சிறந்த இயக்குநருக்கான இறுதிப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவார்கள்.

அந்த விருதை ஆவணப்படக்காரர்களின் கூட்டமைப்பு வருஷா வருஷம் தருகிறது. அரசாங்கம் தருவதல்ல, டிவிக்காரர்கள் தருவதல்ல. கேமரா தூக்கி, எடிட் செய்து, கால் கடுக்க நின்று பழகியவர்களே உட்கார்ந்து பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால்தான் அதற்கு மதிப்பு. இந்த வருஷம் விழா பாலக்காட்டில். பட்டியலில் ஐந்து படங்கள். அவற்றில் ஒன்று கிருத்திகா வண்டன்மேட்டில் எடுத்த 'ஸ்டோர்'.

ஃபோனை வைத்துவிட்டு அவள் மாடிப்படியைப் பார்த்தாள். ஒலிப்பதிவுகள் எல்லாம் சந்துருவின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. சந்துரு மேலே கொச்சிக்குப் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

சந்துரு அவள் கணவன். அவளுடைய மூன்று படங்களுக்கும் ஒலிப்பதிவாளன். கோயம்புத்தூரில் ஒன்றாகப் படித்து, ஒன்றாகப் பட்டினி கிடந்து, இரண்டு வீட்டாரையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். கொழிஞ்சாம்பாறையில் அவனுடைய அப்பா அம்மாவோடு இருந்தார்கள். வீட்டில் மாமியார் காதுபடக் கிருத்திகா அவனை 'ஏனுங்க' என்பாள். தனியாக இருந்தால் 'சந்துரு'. படப்பிடிப்பில் 'சவுண்டு'.

"சவுண்டு ரெடியா? சவுண்டு, சீக்கிரம்!"

இந்த மூன்றாவது பெயர்தான் கொஞ்ச நாளாக மற்ற இரண்டையும் தின்றுகொண்டிருந்தது. சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை வந்திருந்தால் நல்லது என்று கிருத்திகாவே நினைத்திருக்கிறாள். ஒருநாள் சாப்பிடும்போது அவன், "கொச்சியில ஒரு டப்பிங் ஸ்டுடியோவுல கூப்பிடறாங்க. நிரந்தர வேலை. விழா முடிஞ்சதும் போறேன்," என்றான். "நீயும் வா" என்று சொல்லவில்லை. அவளும் "போகாதே" என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டது நாளாக ஆகக் கனத்துப் போயிருந்தது.

மாமியார் வள்ளியாத்தாளுக்கு இந்தச் சூட்சுமம் எதுவும் பிடிபடவில்லை.

"ஏங் கண்ணு, அவன் போறேங்கறான், நீ பாத்துட்டு நிக்கற? புடிச்சு ரண்டு போடறதுதானே?"

"வேலைக்குத்தானுங்க அத்தை போறாரு."

"வேலைக்குப் போறவன் மழைக்கோட்டு, கம்பளி, கொடை எல்லாமா எடுத்துட்டுப் போவான்? வருசத்துக்குப் போறவனாட்டம் அடுக்கறான்."

கிருத்திகா படியேறினாள்.

*

இடுக்கி மலையிலுள்ள வண்டன்மேட்டில் ஏலக்காய் உலர்த்தும் கட்டிடத்தை ஸ்டோர் என்பார்கள். அடுப்பு ஒரு பக்கம், தட்டுகள் மறுபக்கம், எந்நேரமும் வாசனையும் வெக்கையுமாக இருக்கும் இடம். அங்கே ஒரு சின்னத் தோட்டக்காரரின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர்கள் மோகனசுந்தரமும் அவர் மனைவி இன்பமேரியும். கிருத்திகா ஏலக்காயைப் படமெடுக்கத்தான் போனாள். போன அன்றே ஏலக்காய் பின்னால் போய்விட்டது.

காரணம், அந்தக் கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. ஒரே மகளுக்குக் கம்பத்தில் மாப்பிள்ளை பார்த்து, மனைவியைக் கேட்காமல் மோகனசுந்தரம் வாக்குக் கொடுத்துவிட்டார். மகள் இன்று இரண்டு பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அன்றிலிருந்து இன்பமேரி கணவரிடம் பேசவேண்டியதை யாராவது மூன்றாவது ஆளிடம் சொல்லித்தான் அனுப்புவார். ஆள் இல்லாவிட்டால் ஆட்டிடம் சொல்வார்.

"தம்பி, அந்தாளுகிட்டச் சொல்லுங்க, அடுப்புல விறகு தீந்துருச்சு."

அந்தாள் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

"கேட்டுச்சுன்னு சொல்லுங்க தம்பி," என்பார் அவர்.

படக்குழுவில் எல்லோருமே தபால்காரர்கள் ஆனார்கள். கேமராக்காரன் ஜிபி ஒருநாள் செய்தியைத் தப்பாக மாற்றிக் கொடுத்து இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். கடைசி நாள் வரை அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்ததும் சந்துரு வழக்கம்போல ரூம் டோன் எடுத்தான். ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்த பிறகு, எல்லோரும் இருந்த இடத்திலேயே இருக்க, யாரும் பேசாமல் அசையாமல் இருக்க, அந்த அறையின் வெறும் சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் பதிவு செய்துகொள்வார்கள். பார்ப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. எடிட் செய்யும்போது பேச்சுக்கு நடுவில் விழும் ஓட்டைகளை அடைக்க அது வேண்டும். அது இல்லாவிட்டால்தான் தெரியும்.

அன்று ஜிபி கேமராவை நிறுத்த மறந்துவிட்டான்.

அந்த நிமிஷத்தில் இன்பமேரிக்கு இருமல் வந்தது. காய்ந்த ஏலக்காய்த் தூசி. இருமக்கூடாது என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. மோகனசுந்தரம் பார்த்தார். சத்தமில்லாமல் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் டீ ஊற்றி, தரையோடு தரையாகத் தள்ளினார். மற்ற நாளாக இருந்தால் இன்பமேரி, "எனக்கு வேணாம்னு அந்தாளுகிட்டச் சொல்லுங்க" என்று யாரிடமாவது சொல்லியிருப்பார். இப்போது சொல்ல ஆள் இல்லை. இருக்கிற ஆட்கள் எல்லோரும் வாயை மூடி நிற்கிறார்கள். அவர் கணவரை நேராகப் பார்த்தார். டீயை எடுத்துப் பாதி குடித்தார். மீதியை அதேபோலத் திருப்பித் தள்ளினார். அவர் அதை வாங்கிக் குடித்தார்.

நிமிஷம் முடிந்து சந்துரு "தேங்க் யூ" என்றதும் இன்பமேரி ஜிபியைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, டீ ஆறிப்போச்சுன்னு சொல்லுங்க."

அதுவரைக்கும் படத்தில் இருந்தது. பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 'அந்த மௌனத்தைக் கேட்டு வாங்கிய இயக்குநர்' என்று ஒரு பத்திரிகை எழுதியது. கிருத்திகாவுக்கும் அப்படித்தான் ஞாபகம் இருந்தது.

*

"அந்த ரூம் டோன் ஒரிஜினல் வேணும் சந்துரு," என்றாள், கதவருகில் நின்று. குழு கேட்டதையும் சொன்னாள்.

அவன் கையிலிருந்த சட்டையை மடிப்பதை நிறுத்தினான்.

"நான் எடிட்டருக்குக் கொடுத்ததே போதாதா?"

"வெட்டாதது வேணுமாம்."

அவன் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். பிறகு லேப்டாப்பைத் திறந்து, ஹெட்ஃபோனை அவளிடம் நீட்டினான்.

"முதல்ல நீ மட்டும் கேளு."

அவள் போட்டுக்கொண்டாள். ஸ்டோரின் அடுப்பு மெல்ல உறுமியது. யாரோ பெட்டி பூட்டும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், அலுப்பும் எரிச்சலுமாக.

"பேக் அப், பேக் அப்! இருட்டறதுக்குள்ள மலை எறங்கணும்."

சந்துருவின் குரல்: "ஒரே நிமிஷம் கிருத்தி. ரூம் டோன் எடுத்துக்கறேன்."

"ஐயோ, மறுபடியும் உன் வெத்துச் சத்தமா? அதை வெச்சு யார் என்ன பண்ணப்போறா? இத்தனை பேரை நிக்க வெச்சுட்டு… சவுண்டு, மூட்டை கட்டுன்னா கட்டேன்!"

யாரோ சிரித்தார்கள். ஜிபியாக இருக்கலாம். கொஞ்சம் இடைவெளி. அப்புறம் சந்துரு, தாழ்ந்த குரலில், மற்றவர்களிடம்: "ஒரு நிமிஷந்தான். யாரும் அசையாதீங்க."

கிருத்திகா ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. அந்த நிமிஷம் முழுவதையும் கேட்டாள். அடுப்பு, ஓட்டின் மேல் தூறல், பிளாஸ்க் மூடி தரையில் உரசுவது. அந்த மௌனத்தில் அவளுடைய பெருமூச்சும் பதிவாகியிருந்தது. பொறுமையில்லாத பெருமூச்சு.

பிறகுதான் கழற்றினாள்.

"நான் இப்படியா பேசினேன்?"

"லொக்கேஷன்ல எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க."

"நீ பேசலையே."

அவன் சட்டையை எடுத்து மறுபடி மடித்தான்.

"இதை ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்லை?"

"எடிட்டர் கேப்பாரு, மிக்சிங்ல நாலு பேர் கேப்பாங்க. உன் குரலை எதுக்கு அவங்க அப்படிக் கேக்கணும்? அதான் முன்னாடி இருந்ததை வெட்டிட்டு அனுப்பினேன். என் குரலோட வால் கொஞ்சம் ஒட்டிட்டு நின்னுருச்சு. என் தப்பு."

'என் தப்பு' என்றதுதான் அவளை என்னவோ செய்தது. கட்டிலில் பெட்டியின் ஓரமாக உட்கார்ந்தாள்.

"அந்தப் பத்திரிகையில எழுதினதைப் படிச்சியா?"

"படிச்சேன்."

"ஒண்ணும் சொல்லலை."

"என்ன சொல்றது? நல்லாத்தான் எழுதியிருந்தாங்க." சிரிக்கப் பார்த்தான். "கிருத்தி, எனக்குப் பேர் வேணும்னு இல்லை. உனக்கு நான் வேணுமா, நாலு மைக்கும் ஒரு ரெக்கார்டரும் வேணுமான்னு எனக்கே தெரியாமப் போச்சு. கொச்சியில அந்தக் குழப்பம் இருக்காது. அங்க மைக்குதான் வேணும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கீழேயிருந்து மாமியார் சாப்பிடக் கூப்பிட்டார்.

சந்துரு எழுந்தான். "ரெண்டு வழி இருக்குது. இப்ப இருக்கற மாதிரியே கொடுத்தா நடிக்க வெச்சோம்னு சொல்வாங்க, பட்டியல்லருந்து போயிரும். முழுசாக் கொடுத்தா நடிப்பில்லைன்னு தெரிஞ்சுரும். ஆனா உன் குரலும் போகும். வேணும்னா அந்த ரெண்டு வரியை மட்டும் கம்மி பண்ணித் தர்றேன். வெளிய தெரியாது."

"வெட்டாததுன்னு சொல்லிட்டு வெட்டிக் கொடுக்கறதா?"

"உனக்காகக் கேட்டேன்."

"தெரியும்," என்றாள் கிருத்திகா. "முழுசா வேணும்."

*

பாலக்காட்டில் விழா அரங்கத்தின் பின்னால் ஒரு சின்னத் திரையறை. ஐந்து நடுவர்கள். தலைவர், தலையெல்லாம் நரைத்த ஒரு படத்தொகுப்பாளர் அம்மா. கிருத்திகா விழாவுக்கு அழைத்திருந்ததால் இன்பமேரியும் மோகனசுந்தரமும் வண்டன்மேட்டிலிருந்து வந்திருந்தார்கள். பஸ்ஸில் அவர் பின்னால், இவர் முன்னால் பெண்கள் சீட்டில்.

"அந்தாளு வழியெல்லாம் தூக்கம்," என்றார் இன்பமேரி கிருத்திகாவிடம். "தோள்ல இருந்த பையக் கூட யாரோ எடுத்து மேல வெச்சாங்க, தெரியல."

"முழிச்சுத்தான் இருந்தேன்னு சொல்லும்மா," என்றார் மோகனசுந்தரம்.

விளக்கணைத்தார்கள். படத்தில் அதே ஸ்டோர். ஒலி முதலிலிருந்து ஓடியது. பேக் அப், பேக் அப். உன் வெத்துச் சத்தமா. சவுண்டு, மூட்டை கட்டு. பெரிய ஸ்பீக்கரில் கிருத்திகாவின் குரல் அறை முழுக்க நின்றது. அவள் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த சந்துருவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து கையில் சுற்றியிருந்த ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவமானப்பட்டது அவன்தான் என்பது போல.

விளக்குப் போட்டதும் ஒரு நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மோகனசுந்தரத்திடம் கேட்டார்: "டீயைத் தள்ளி விடச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

அவர் வாய் திறப்பதற்குள் இன்பமேரி முந்திக்கொண்டார்.

"சார், இந்த மனுசனுக்கு என் முன்னால நடிக்கத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு இத்தனை வருசம் பேசாம இருக்கேன்?"

அறையே சிரித்தது. மோகனசுந்தரமும் சிரித்தார். அவர் மனைவி தன் பேச்சில் அவரை 'அந்தாளு' என்று தூரத்தில் நிறுத்தாமல் 'இந்த மனுசன்' என்று சொன்னதைக் கவனித்தது அவர் ஒருவர்தான் போலிருந்தது.

தலைவர் அம்மா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"நடிப்பில்லை. அது தீர்ந்தது. மூட்டை கட்டச் சொல்லிட்டு யாரும் காட்சி ஜோடிக்க மாட்டாங்க." கிருத்திகாவைப் பார்த்தார். "ஆனா, நாங்க பார்த்துட்டு இருக்கறது இயக்கத்துக்கான விருது. இந்தக் காட்சியில உங்க இயக்கம் எதும்மா?"

கிருத்திகா எழுந்து நின்றாள். அவள் வீட்டிலேயே சில வாக்கியங்களை யோசித்து வைத்திருந்தாள். எதுவும் இப்போது உதவவில்லை.

"எடிட்டிங்ல இதைச் சுருக்கச் சொன்னாங்க மேடம். நான் மாட்டேன்னு முழுசா வெச்சேன். அது என்னோடது. அந்த நிமிஷம் என்னோடது இல்லை. அதை நான் வேண்டாம்னேன். என் ஹஸ்பெண்டுதான் விடலை."

"அவர் எங்கே?"

"அங்க உக்காந்திருக்கார். சந்துரு." அறை முழுவதும் திரும்பியது. "சவுண்டுன்னு கூப்பிட்டேனே, அவர்தான்."

தலைவர் அம்மா அவனைப் பார்த்துத் தலையசைத்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

மாலையில் மேடையில் விருது அட்டப்பாடியைப் பற்றிய வேறொரு படத்துக்குப் போனது. நல்ல படம். கிருத்திகா எழுந்து நின்று கைதட்டினாள். கைதட்டும்போதே ஏமாற்றமாகவும் இருந்தது. ஆசைப்பட்டதுதானே, இல்லையென்று எப்படிச் சொல்வது? இன்பமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுகளுக்கு விவரம் பத்தல. விடுங்க. ஏலத்துல கூட நல்ல காய் ஒருநாள் விலை போகாது."

*

வெளியே மரத்தடியில் சந்துரு காரின் டிக்கியில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். காலையில் எடுத்து வைத்த அவனுடைய பெட்டியும் உள்ளே இருந்தது. இங்கிருந்தே ஸ்டேஷன் போவதாகத்தான் பேச்சு. கிருத்திகா பக்கத்தில் போய் நின்றாள். ஏதோ எடுத்துக் கொடுப்பது போல ஒரு மைக் உறையை எடுத்தாள், பிறகு கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"வருத்தமா இருக்கா?" என்றான்.

"இருக்குது. நாளைக்கு அழறேன். இப்ப வேற வேலை இருக்கு." அவனை நேராகப் பார்த்தாள். "கொச்சிக்குப் போகாத சந்துரு."

அவன் கை நின்றது.

"இதைக் கேக்கறது டைரக்டரா, பொண்டாட்டியா?"

"ரெண்டு பேரும்."

"பொண்டாட்டி கேட்டா நான் அன்னிக்கே பெட்டியை எறக்கியிருப்பேன். நீ கேக்கவே இல்லை."

"கேட்டா, எனக்கு மைக் பிடிக்க ஆளில்லைன்னு கேக்கறதா நினைச்சுருவியோன்னு பயம்."

"நினைச்சிருப்பேன்," என்றான் அவன் நேர்மையாக.

"இப்ப?"

சந்துரு டிக்கியில் சாய்ந்து நின்றான். அரங்கத்திலிருந்து வெளியே வந்தவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே கடந்துபோனார்கள். யாரோ அவனைப் பார்த்து, "காலையில திரையறையில பேர் சொன்னாங்களே, நீங்கதானே?" என்று கேட்டு, கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அவனுக்கு அது பழக்கமில்லாததால் இரண்டு கையாலும் குலுக்கினான்.

"டைரக்டருக்கு ஒரு கண்டிஷன்," என்றான், அவர்கள் போனதும். "என் வேலை முடிஞ்சதை நான்தான் சொல்வேன். அதுக்கு முன்னாடி பேக் அப் கிடையாது."

"மழை வந்தா?"

"மழையையும் ரெக்கார்ட் பண்ணுவேன்."

"யானை வந்தா?"

"அதுக்கு முன்னாடி நீ ஓடியிருப்ப. உன் காலடிச் சத்தம் எனக்கு வேணும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. அவன் அவள் கையிலிருந்த மைக் உறையை வாங்கி உள்ளே வைத்தான். பிறகு தன்னுடைய பெட்டியை எடுத்துப் பின்சீட்டுக்கு மாற்றினான்.

"ஸ்டுடியோவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லணும்," என்றான். "அவங்க திட்டுவாங்க."

"பக்கத்துல நான் நிக்கறேன். திட்டினா எங்கிட்டக் கொடு."

அப்போது கிருத்திகாவின் ஃபோன் அடித்தது. மாமியார். எடுத்ததுமே வள்ளியாத்தாள் கேட்டார்: "ஏங் கண்ணு, பரிசு வந்துச்சா?"

கிருத்திகா கணவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பரிசு வரலீங்க அத்தை. உங்க பையன் வர்றாருங்க."

மறுமுனையில் கொஞ்சம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு வள்ளியாத்தாள் அதட்டலாகச் சொன்னார்:

"அந்தக் கம்பளியக் கொண்டாந்து எடுத்த எடத்துல வெக்கச் சொல்லு!"